ஒரகடம் டு சானடோரியம்... முதுகைத் தேடி ஒரு பயணம்!

காலை அஞ்சரை மணிக்கு ஒரகடம் ஜங்ஷன்ல நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்களா பாஸ்? ஊதா, சாம்பல், வெள்ளைன்னு கலர் கலரா யூனிஃபார்ம். கழுத்துல தொங்குற ஐ.டி. கார்டு. வரிசையா வந்து நிக்கிற கம்பெனி பஸ்கள். அந்த அரை இருட்டுல முகம் தெரியாது. ஆனாலும் ஷிஃப்ட்டுக்குப் போறவர் யாரு, நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவர் யாருன்னு ஈஸியா சொல்லிடலாம். பஸ் படியில இறங்கும்போது ஒரு கை கம்பியையும் இன்னொரு கை இடுப்பையும் பிடிச்சிருந்தா, அவர் நைட் ஷிஃப்ட்!

இந்த ஞானம் எனக்கு வந்தது 15 நாள் இன்-பிளான்ட் ட்ரெயினிங்ல. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். 'இண்டஸ்ட்ரியைக் கத்துக்கோங்க'ன்னு காலேஜ்ல லெட்டர் குடுத்து அனுப்பினாங்க. நானும் ரோபோ, சி.என்.சி., ஏ.சி. ரூம்னு ஏகப்பட்ட கனவோட ஒரு பார்ட்ஸ் கம்பெனிக்குள்ள காலை வெச்சேன். நாலாவது நாள் காலையில ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சவன் நிமிர முடியல. ரூம் மேட் என்னை அப்படியே அரை வட்டமா தூக்கிக் கட்டில்ல போட்டான். சிரிக்காதீங்க, சத்தியமா வலிச்சது.

ஸ்ரீபெரும்புதூர்னா நம்ம அப்பா, அம்மாவுக்கு ராமானுஜர் ஞாபகம் வருவார். 1017-ல அவர் பிறந்த ஊர். அடுத்து ராஜீவ் காந்தி நினைவிடம், 1991. எங்க செட்டுக்கு இந்த ஊர்னா வேலை. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்ததுல ஆரம்பிச்சு, 2006-ல வந்து 2014-ல மூடின நோக்கியா, 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிஸான், அப்புறம் பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டுன்னு இந்த ரோடு பூரா ஃபேக்டரிதான். வல்லம் வடகால்ல பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்குற மாதிரி ஒரு ஹாஸ்டல் 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. ஒரு டவுனையே அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். இத்தனை பேர் வேலை பார்க்குற ஊர்ல மெடிக்கல் ஷாப்புல முன் வரிசையில என்ன இருக்கும்? வலி ஸ்ப்ரே, இடுப்பு பெல்ட், தைலம். நான் பார்த்த நாலு கடையிலயும் அதேதான்.

இப்ப என் ஸ்டேஷனுக்கு வர்றேன். ஒரு இரும்பு பின். அதாவது பெரிய தொட்டி. அதுக்குள்ள காஸ்ட்டிங் குவிஞ்சு கிடக்கும், ஒண்ணு 9 கிலோ. குனிஞ்சு எடுக்கணும், இடுப்பை வளைச்சுத் திரும்பணும், மேஜை மேல இருக்குற ஃபிக்ஸ்ச்சர்ல வைக்கணும். நிமிஷத்துக்கு நாலு. ட்ரெயினிங் பையன்ங்கறதால என்னை நிறைய நேரம் வேடிக்கை பார்க்க விட்டாங்க. அங்க நிரந்தரமா நின்னது ஒரு விழுப்புரத்து அண்ணன். வயசு 27, கான்ட்ராக்ட் லேபர், மூணு வருஷமா அதே ஸ்டேஷன். எனக்கு மூணு நாள்ல வலி ஓடிப் போச்சு. அவர் சட்டைக்குள்ள பெல்ட் கட்டிக்கிட்டுதான் வேலைக்கே வருவார்.

"அண்ணா, கம்பெனி ஃபர்ஸ்ட் எய்ட்ல காட்டலாம்ல?"

"காட்டலாம் தம்பி. 'உனக்கு முடியலையா, சரி, வேற ஆளைப் போட்டுக்கறோம்'னு கான்ட்ராக்டர் சொல்லிட்டா? ஊர்ல தங்கச்சி கல்யாணக் கடன் இருக்கு."

அதனால அவர் வலிக்கு வைத்தியத்தை செல்போன்ல தேடிக்கிட்டிருந்தார். டீ பிரேக்ல எனக்கும் காட்டினார். ஒரு டேபிள், குப்புறப் படுத்த ஒரு ஆள், மேல ஏறி ஒரு அழுத்து. 'டக்!' படுத்திருந்தவர் கண்ல தண்ணி, முகத்துல சிரிப்பு. கைரோபிராக்டிக்! "எலும்பு இடம் மாறியிருக்கும் தம்பி. ஒரு டக்ல உட்கார்ந்துடும்"னார். பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையா இருந்துச்சு. அந்த சத்தத்துல ஏதோ ஒரு போதை இருக்கு மக்களே.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் போனோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஒரு செல்போன் கடைக்கு மேல மாடி ரூம். போர்டுல கைரோ, ஆயில் மசாஜ், இயற்கை வைத்தியம் எல்லாம் ஒரே வரியில. சுவத்துல எலும்புக்கூடு படம், நடுவுல டேபிள், டேபிளுக்குப் பக்கத்துல ட்ரைபாட்ல செல்போன். முதல் கேள்வி எங்க வலிக்குதுன்னு இருக்கும்னு நினைச்சேன். "வீடியோ எடுத்துக்கலாம்னா பாதி ரேட்"னார். அண்ணன் சரின்னுட்டார். குட்டி மைக் ஒண்ணை முதுகுப் பக்கமா வெச்சாங்க, சத்தம் நல்லா விழணுமாம்!

'டக்.' நிஜமாவே விழுந்துச்சு. அண்ணன் எழுந்து நின்னு இடுப்பைச் சுத்திப் பார்த்தார். "லேசா இருக்கு தம்பி." அடுத்ததா அவர் அண்ணன் தாடையைப் பிடிச்சு, "கழுத்தையும் சேர்த்துப் பண்ணிடலாம்"னப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. வலி இடுப்புல, கழுத்து எதுக்கு? "அவருக்கு இடது கால் மரத்துப் போகுது சார், அது பரவாயில்லையா?"ன்னு கேட்டேன். "எட்டு சிட்டிங் வந்தா ஓடிடும்"னார். கழுத்து வேணாம்னு சொல்லி இழுத்துட்டு வந்துட்டேன். டீக்கடையில அண்ணன் ஜாலியா ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு போன். "தம்பி, கட்டை விரல் இருக்கா இல்லையான்னே தெரியல."

அன்னிக்கு நைட் நான் தூங்கல, படிச்சேன். செமஸ்டருக்குக்கூட அவ்வளவு படிச்சதில்ல.

கைரோபிராக்டிக் பிறந்தது 1895-ல, அமெரிக்காவுல அயோவா மாநிலத்து டேவன்போர்ட்ல. டேனியல் டேவிட் பாமர்னு ஒருத்தர், காந்த சிகிச்சை பண்ணிட்டிருந்தவர். தன் கட்டடத்துல வேலை பார்த்த காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியோட முதுகெலும்பை அழுத்தினேன், காது கேட்டுச்சுன்னு சொன்னார். அதுல இருந்து பெரும்பாலான நோய்க்கு முதுகெலும்பு நகர்ந்ததுதான் காரணம்னு ஒரு கொள்கையே உருவாக்கிட்டார். அந்தக் கொள்கைக்கு இன்னிக்கு வரைக்கும் ஆதாரம் கிடைக்கல. நம்ம அமிர்தாஞ்சன் பொறந்தது 1893-ல. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஆனா அமிர்தாஞ்சன் காது கேட்க வைக்கிறேன்னு யாரும் சொல்லல!

அப்ப அந்த 'டக்'? அது எலும்பு இடத்துல உட்கார்ற சத்தமே இல்லை. மூட்டுக்குள்ள வழவழன்னு ஒரு திரவம் இருக்கு. மூட்டைச் சட்டுன்னு பிரிச்சா உள்ளே அழுத்தம் குறைஞ்சு ஒரு வாயுக் குழி உருவாகுது. அப்ப வர்ற சத்தம்தான் அது. கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல 2015-ல விரலை இழுத்து எம்.ஆர்.ஐ-லயே படம் பிடிச்சுட்டாங்க. நாம விரல் சொடுக்குறோமே, அதே சத்தம். டொனால்ட் அங்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர், 60 வருஷமா ஒரு கை விரல்களை மட்டும் சொடுக்கிட்டே இருந்து, ரெண்டு கையிலயும் மூட்டு வாதம் இல்லைன்னு காட்டி 2009-ல இக் நோபல் வாங்கினார். என்னா பொறுமை!

அதுக்காக கையால பண்ற சிகிச்சை எல்லாமே டுபாக்கூர்னு சொல்லிட முடியாது. 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. உடற்பயிற்சி, மசாஜ், முதுகெலும்பைக் கையால அசைக்கிற சிகிச்சை எல்லாத்துக்கும் அதுல இடம் இருக்கு. வழக்கமா குடுக்க வேணாம்னு சொன்ன லிஸ்ட்ல என்ன இருக்கு தெரியுமா? இடுப்பு பெல்ட். அண்ணன் மூணு வருஷமா கட்டிட்டிருக்காரே, அதேதான். அதே நிறுவனத்தோட கணக்குப்படி 2020-ல உலகம் பூரா 61.9 கோடிப் பேருக்கு கீழ்முதுகு வலி.

விஷயம் என்னன்னா, யார் பண்றா, யாருக்குப் பண்றாங்கறது. அமெரிக்காவுல கைரோபிராக்டிக்குக்கு தனிக் காலேஜ், லைசென்ஸ் எல்லாம் உண்டு. இங்க அதுக்குன்னு அரசு கவுன்சில் கிடையாது. வெளிநாட்டுல முறையா படிச்சவரும் போர்டு வைக்கலாம், ரீல்ஸ் பார்த்துக் கத்துக்கிட்டவரும் வைக்கலாம். கழுத்து விஷயம் இன்னும் சீரியஸ். கழுத்தெலும்புகள்ல இருக்குற துவாரம் வழியா ரெண்டு ரத்தக்குழாய் மூளைக்குப் போகுது. வேகமா முறுக்கும்போது ரொம்ப அரிதா அதோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வரலாம். 2024-ல கர்நாடகாவுல பல்லாரியில சலூன்ல தலை மசாஜ் பண்ணி கழுத்தை முறுக்கினதுல ஒருத்தருக்கு பக்கவாதம் வந்ததா செய்தி படிச்சேன். முடி வெட்டி முடிச்சதும் 'நெட்டி எடுக்கட்டா தம்பி'ன்னு கேட்டா, இப்பல்லாம் நான் நேரா எழுந்துடறேன்.

மறுநாள் லைன்ல ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. "புத்தூர் கட்டு போடுங்க, ஒரே கட்டுதான்"னார் திருத்தணிக்காரர் ஒருத்தர். திருத்தணி தாண்டி, நகரி தாண்டி ஆந்திராவுல இருக்கு புத்தூர். மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெச்சு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுறதுல தலைமுறை தலைமுறையா பேர் வாங்கின ஊர். அந்தப் பேர்ல நம்ம பக்கத்துலயும் ஊருக்கு ஒரு போர்டு இருக்கு. ஆனா அண்ணனுக்கு முறிஞ்சது எலும்பு இல்லையே! கடைசியில என் பாட்டி போன்ல சொன்ன ஐடியாதான் ஜெயிச்சது. "சானடோரியத்துல கவர்மென்ட் சித்தா ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க கூட்டிட்டுப் போடா. அங்க படிச்சவங்க பார்ப்பாங்க."

அண்ணனுக்கு வியாழக்கிழமை வீக்லி ஆஃப். காலையிலேயே பஸ் ஏறிட்டோம். படப்பை, மண்ணிவாக்கம், முடிச்சூர்னு ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரையும் எனக்கு முன்னாடி அண்ணன் முதுகு கண்டுபிடிச்சது. தாம்பரத்துல இருந்து ட்ரெயின்ல ஒரே ஸ்டேஷன். 1928-ல டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காரங்களுக்காக ஆரம்பிச்ச ஆஸ்பத்திரியாலதான் அந்த ஏரியாவுக்கே சானடோரியம்னு பேர். அந்தப் பக்கத்துலதான் 2005-ல திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். உள்ளே இருக்குற ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசப் பண்டிதர் பேரை வெச்சிருக்காங்க. ஸ்கூல் பாடத்துல சமூகச் சிந்தனையாளரா படிச்சோமே, அவரேதான். 1845-ல இருந்து 1914 வரைக்கும் வாழ்ந்தவர், சித்த வைத்தியரும்கூட.

டோக்கன் போட்டு உட்கார்ந்தா, பக்கத்துல பாதிப் பேர் நம்ம ஏரியா மாதிரியே இருக்காங்க. இடுப்புல கை, உட்கார இஷ்டமில்லாத முகம். காத்திருந்த நேரத்துல தொக்கணம்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டேன். சித்த வைத்தியத்துல மசாஜுக்கு அதான் பேர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல்னு ஒன்பது வகை. படிச்சதும் டி.வி-ல மல்யுத்தம் பார்க்குற எஃபெக்ட்! வர்மம் வேற கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 புள்ளி. 'இந்தியன்' படத்துல கமல் சார் ரெண்டே விரல்ல ஆளைச் சாய்ப்பாரே, அந்த வர்மம்தான் இங்க வைத்தியமா இருக்கு. 2025-ல இந்த நிறுவனம் 567 பேருக்கு ஒரே நேரத்துல வர்ம சிகிச்சை குடுத்து கின்னஸ்ல இடம் பிடிச்சது.

எங்க முறை வந்துச்சு. டாக்டர் ஒரு மேடம், எங்க அக்கா வயசுதான் இருக்கும். அண்ணன், "வர்மம் பண்ணி விடுங்க மேடம், ஒரே அழுத்துல போயிடணும்"னு ஆரம்பிச்சார். மேடம் கை வைக்கவே இல்லை. கேள்விதான். எப்போ ஆரம்பிச்சது? வலி கால் வரைக்கும் இறங்குதா? எந்த விரல் மரத்துப் போகுது? யூரின் போறதுல ஏதாவது மாற்றம் இருக்கா? உட்கார்ற இடத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கா? அந்த ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம எமர்ஜென்சிக்கு ஓடணுமாம். அண்ணனுக்கு நல்லவேளையா ரெண்டும் இல்லை. அப்புறம் மல்லாக்கப் படுக்க வெச்சு, முட்டி மடக்காம இடது காலை மெதுவா தூக்கினாங்க. பாதி தூரம்கூட வரல, அண்ணன் 'அம்மா'ன்னு கத்திட்டார்.

"நரம்பு அழுந்துற மாதிரி இருக்கு. எம்.ஆர்.ஐ. பார்க்காம இன்னிக்கு அழுத்தமா எதுவும் பண்ணப் போறதில்லை. வெளியில எங்கேயும் முறுக்கிக்காதீங்க."

அண்ணன் முகம் தொங்கிப் போச்சு. 'டக்'குக்கு வந்த மனுஷனுக்கு ஸ்கேன் சீட்டு கிடைச்சா எப்படி இருக்கும்? அப்பதான் மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. "வேலையில என்ன தூக்குறீங்க? எவ்வளவு கீழ இருந்து எடுக்கறீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். மெடிக்கல் ஷாப், மாடி ரூம், லைன்ல அட்வைஸ் பண்ணவங்க, ஏன், இன்ஜினீயரிங் படிக்கிற நான்... ஒருத்தரும் அந்தத் தொட்டியைப் பத்தி யோசிக்கவே இல்லை.

மறுநாள் டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன். அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு. தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்ச்சி பண்றவங்க. ஒருத்தர் பாதுகாப்பா எவ்வளவு தூக்கலாம்னு கணக்குப் போட 1991-ல திருத்தின ஒரு சூத்திரம் வெச்சிருக்காங்க. எங்க சிலபஸ்ல எலெக்டிவ் பேப்பர்ல வரும், யாரும் எடுக்க மாட்டோம். எல்லாமே சரியா இருந்தா 23 கிலோ. அப்புறம் ஒவ்வொரு குறைக்கும் கழிச்சுக்கிட்டே வரணும். பொருள் உடம்புல இருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கு, அதனால பாதி போச்சு. 30 செ.மீ. உயரத்துல இருந்து 100 செ.மீ. மேஜைக்குத் தூக்கறோம், இன்னும் கொஞ்சம் போச்சு. இடுப்பை 90 டிகிரி திருப்பறோம், அதுக்கும் கழிவு. ஷிஃப்ட் பூரா நிமிஷத்துக்கு நாலு தடவைன்னா மிச்சத்துல பாதிக்கு மேல அவுட். பிடிமானமும் சுமார். கடைசியில வந்த விடை 2.7 கிலோ. தூக்கறது 9 கிலோ!

ரெண்டு தடவை திரும்பப் போட்டேன். அதே விடை. ஏழரை மணி நேர வேலையில 1,800 காஸ்ட்டிங், மொத்தம் 16,200 கிலோ. பக்கத்து ஷாப்ல வெல்டிங் ரோபோவுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் வைக்கணும்னு சுவத்துல சார்ட்டே ஒட்டியிருக்கு. அண்ணனுக்கு ஒரு பெல்ட், அதுவும் சொந்தக் காசுல.

இப்ப அதே கணக்குல தொட்டியை மட்டும் 75 செ.மீ. உயரத்துக்கு ஏத்தி, மேஜைக்கு நேரா திருப்பி, கிட்ட கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். 8.6 கிலோ! புது மெஷின் வேணாம், ரோபோ வேணாம். சரக்கு அடுக்குற மரப் பேலட் ஒண்ணு 15 செ.மீ. உயரம். தொட்டிக்கு அடியில மூணு பேலட் போட்டா போதும். இதை அப்படியே ட்ரெயினிங் ரிப்போர்ட்ல கடைசி ரெண்டு பக்கமா எழுதி, படம் போட்டுக் குடுத்தேன். சூப்பர்வைசர் புரட்டிப் பார்த்துட்டு, "காலேஜுக்குக் குடுக்குற ரிப்போர்ட்டுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?"ன்னார். ஆனா அந்தப் பக்கத்தை மட்டும் செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டார்.

எம்.ஆர்.ஐ-ல டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுறது தெரிஞ்சது. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், ஓய்வும் பயிற்சியும் போதும்னுட்டாங்க. ஓய்வுன்னதும் அண்ணனுக்குத் திரும்ப அதே பயம். நல்லவேளை, கையில ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்துச்சு. அதுல நம்மள்ல பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. நோய்னு ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழ் குடுத்தா, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவிகிதம் கிடைக்கும். அதுக்கு முந்தின ஆறு மாசக் கணக்குல 78 நாள் பணம் கட்டியிருக்கணும், அவ்வளவுதான். கான்ட்ராக்ட் ஆளுக்கும் பொருந்தும். அண்ணன் மூணு வருஷமா மாசா மாசம் பிடித்தம் குடுத்துட்டிருந்தார். ஒரு நாள்கூட பயன்படுத்தல.

மூணு வாரம் ஊர்ல இருந்தார். கான்ட்ராக்டர் ரெண்டு தடவை போன் பண்ணி, "வர்றியா, வேற ஆள் பார்க்கட்டுமா?"ன்னு கேட்டாராம். ரெண்டு தடவையும் அண்ணன், சான்றிதழ் இருக்கு சார்னு சொல்லியிருக்கார். குரல் நடுங்கிச்சு தம்பின்னு அவரே சொன்னார். சானடோரியத்துல சொல்லிக் குடுத்த பயிற்சியை மாடு கட்டுற கொட்டகைப் பக்கம் பாய் விரிச்சுப் பண்ண, பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாம் கூடப் படுத்துக்கிட்டாங்களாம்.

திரும்ப வேலைக்குப் போன அன்னிக்கு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினார். தொட்டிக்கு அடியில ரெண்டு பேலட். 'ஒண்ணு குறையுதுண்ணா'ன்னு பதில் போட்டேன். 'ஃபோர்க்லிஃப்ட்காரர் கோவிச்சுக்கறார் தம்பி'ன்னார். அடுத்த வாரம் ஆடிட்னு சொல்லி அந்த ரெண்டையும் எடுத்துட்டாங்க. நான் வெறுத்துட்டேன். ஆடிட் டீம் கிளம்பின மறுநாள் இன்னொரு போட்டோ வந்துச்சு. தலைப்பு, வசனம் ஒண்ணுமில்லை. பெரிசு பண்ணி எண்ணிப் பார்த்தேன். மூணு.